டிஸ்கஸ் மீன் வளர்ப்பு

டிஸ்கஸ் மீன் வளர்ப்பு என்பது தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட டிஸ்கஸ் என்னும் நன்னீர் மீனை வீட்டு மீன்தொட்டியில் வைத்துப் பேணுவதாகும். வட்டத் தட்டு போன்ற தட்டையான உடலமைப்பினால் இம்மீன் இப்பெயரைப் பெற்றது. வெப்பமானதும் மென்மையானதும் மிகத் தூய்மையானதுமான நீர் இதற்குத் தேவை. தமிழ்நாட்டில் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழில் வட்டாரத்தில் இம்மூன்றனுள் வெப்பம் மட்டுமே எளிதில் கிடைக்கிறது. எனவே இவ்வட்டாரத்தில் டிஸ்கஸ் வளர்க்க விரும்புவோர் மீனை வாங்குவதற்கு முன்னரே தம் வீட்டு நீரைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டியுள்ளது.

மீனின் இயல்பு

டிஸ்கஸ் மீன்கள் சிக்லிடு குடும்பத்தில் சிம்பைசோடான் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. ஆத்திரிய நாட்டு விலங்கியலாளர் யோகான் யாக்கோப் எக்கெல் 1840 ஆம் ஆண்டில் இப்பேரினத்தை முதன்முதலில் விவரித்தார். 1904 இல் பிரெஞ்சு அறிஞர் பெலெக்ரான் மற்றோர் இனத்தை விவரித்தார். இன்று இப்பேரினத்தில் எத்தனை இனங்கள் உள்ளன என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கடைகளில் விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை தொட்டிகளில் பல தலைமுறைகளாகக் கலந்து வளர்க்கப்பட்டவை என்பதால், வளர்ப்போருக்கு இவ்விவாதம் அவ்வளவாக முக்கியமன்று.

நன்கு வளர்ந்த மீன் 15 முதல் 20 செ.மீ. வரை இருக்கும். முறையாகப் பேணினால் 10 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. கூட்டமாக வாழும் இயல்புடையது. ஒன்றிரண்டை மட்டும் வைத்தால் வலியது எளியதை ஓயாது துரத்தும். ஐந்து அல்லது ஆறு மீன்கள் இருந்தால் அத்தொல்லை பலவற்றிடையே பகிரப்பட்டுக் குறைகிறது.

இயற்கையில் இம்மீன்கள் வாழும் நீர் எல்லா இடங்களிலும் ஒரே தன்மையுடையதன்று. ரியோ நெக்ரோ ஆற்றின் நீர் இலைதழைகள் ஊறியதால் தேநீர் நிறத்தில் இருக்கும். அதன் பி.எச். அளவு 4 முதல் 5 வரை இறங்கும். கரைந்த உப்புகள் ஏறத்தாழ இல்லை எனலாம். பிற ஆறுகளில் வாழும் டிஸ்கஸ்கள் பி.எச். 6 முதல் 7 வரையுள்ள நீரிலும் காணப்படுகின்றன. தொட்டியில் பிறந்து வளர்ந்த மீன்கள் இன்னும் சற்றுக் கடினமான நீரையும் தாங்குகின்றன. தாங்குதல் வேறு, செழித்தல் வேறு என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

தோல் தொழில் வட்டாரத்தின் நீர்

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடைபெற்று வருகிறது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன்மீது சமையல் உப்பு பெருமளவில் தூவப்படுகிறது. பதனிடும் முன் தோலை ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பு முழுவதும் கழிவுநீரில் சேர்கிறது. பொது மக்கள் குரோமியத்தைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றனர்; ஆயினும் கிணறுகளை உவர்ப்பாக்கியதில் பெரும்பங்கு இந்த உப்புக்கே உரியது. குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் வீழ்படிவாக்கிப் பிரிக்க இயலும். கரைந்த உப்பை வழக்கமான சுத்திகரிப்பு முறைகளால் நீக்க இயலாது.

இது தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுத்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகத்து 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்திய நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என அத்தீர்ப்பு உறுதி செய்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்ததையும் அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. இதே சிக்கல் குறித்து 2025 சனவரியிலும் உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பு வழங்க நேர்ந்தது. 2019 இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதால் ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் அமைந்துள்ளன. ஆனால் நிலத்தடி நீருக்கு மாவட்ட எல்லை கிடையாது.

எல்லாக் கிணறுகளும் கெட்டுவிட்டன என்று இதனாற் கொள்ளலாகாது. ஒரே ஊரில் ஒரு தெருவின் ஆழ்துளைக் கிணறு குடிக்கத் தக்கதாகவும் அடுத்த தெருவினது வாயில் வைக்க முடியாததாகவும் இருப்பதுண்டு. கழிவு கலவாத இடங்களிலும் பாறையிலிருந்து கரைந்த சுண்ணச் சத்தினால் நீர் கடினமாக இருக்கலாம். ஆதலால் பக்கத்து வீட்டாரின் அளவீட்டை நம்பித் தொட்டி அமைத்தல் கூடாது.

நீரைச் சோதித்தல்

டி.டி.எஸ். மானி என வழங்கும் கையடக்கக் கருவி, நீரின் மின்கடத்து திறனைக் கொண்டு மொத்தக் கரைதிடப் பொருட்களின் அளவைக் கணித்துக் காட்டுகிறது. இந்தியத் தர நிறுவனத்தின் 10500 ஆம் எண் தரப்படி குடிநீரில் இது லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத் தக்கது. வேறு நீர் கிடைக்காதபோது 2000 மி.கி. வரை அனுமதிக்கப்படுகிறது. ஆகவே சட்டப்படி குடிநீராக ஏற்கப்படும் நீரும் டிஸ்கஸுக்குப் பொருந்தாமற் போகலாம்.

இக்கருவிக்கு ஒரு குறையும் உண்டு. உப்பினால் வந்த அளவையும் சுண்ணத்தினால் வந்த அளவையும் அது பிரித்துக் காட்டாது. குரோமியம் போன்ற நச்சு உலோகங்கள் சிறிதளவில் கலந்திருந்தால் அதையும் காட்டாது. குடிநீரில் குரோமியத்திற்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மி.கி. மட்டுமே, 1000 மி.கி. என்று காட்டும் கருவியில் இவ்வளவு சிறிய மாற்றம் தெரியாது. தொழிற்சாலைகளை ஒட்டிய பகுதிகளில் வசிப்போர் ஒருமுறையேனும் ஆய்வகத்தில் நீரைச் சோதித்துக்கொள்வது நல்லது. மீனுக்காகச் செய்யும் இச்சோதனை வீட்டாருக்கும் பயன்படும்.

நீரை ஆயத்தம் செய்தல்

கடின நீரைக் கொதிக்கவைத்தால் தற்காலிகக் கடினத்தன்மை மட்டுமே நீங்கும். உப்பு அப்படியே இருக்கும். வீடுகளில் குழாயுடன் பொருத்தப்படும் நீர் மென்மையாக்கிகள் சுண்ணத்தை எடுத்துக்கொண்டு அதற்கு மாற்றாகச் சோடியத்தைக் கொடுப்பவை. சோப்பு நுரைக்கும், துணி வெளுக்கும், ஆனால் டி.டி.எஸ். குறையாது. இவ்விரண்டையும் நம்பி ஏமாந்தோர் பலர்.

வேலூர் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாக மேட்டூர்ப் பகுதியிலிருந்து கொண்டுவரப்படும் ஆற்று நீர் கிடைக்கும் வீடுகளில் வேலை எளிதாகிறது. அதிலுள்ள குளோரினை மட்டும் நீக்கினால் போதும். நீரைத் திறந்த கலத்தில் காற்றூட்டி ஒரு நாள் வைத்தால் குளோரின் வெளியேறும். குளோரமின் அவ்வாறு வெளியேறாது; அதற்குச் சோடியம் தயோசல்பேட்டு கொண்ட குளோரின் நீக்கியைப் பயன்படுத்துவர். இது விடுவிக்கும் அம்மோனியாவை நன்கு பழகிய வடிகட்டி ஏற்றுக்கொள்ளும்.

கிணற்று நீரை மட்டுமே நம்பியிருப்போர்க்கு எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவியே வழியாகிறது. எடுத்துக்காட்டாக, 1500 மி.கி. அளவுள்ள கிணற்று நீர் ஒரு பங்கையும் 50 மி.கி. அளவுள்ள ஆர்.ஓ. நீர் ஆறு பங்கையும் கலந்தால் ஏறத்தாழ 250 மி.கி. அளவுள்ள நீர் கிடைக்கும். வளர்ப்புக்கு இது போதுமானது. மாசு உறுதியான கிணற்று நீரை இவ்வாறு கலக்கவும் கூடாது. ஆர்.ஓ. நீரை மட்டும் தனியே பயன்படுத்தினால், தாங்கு திறன் இல்லாமையால் பி.எச். அளவு திடீரெனச் சரிந்துவிடும்.

இதற்கான விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 220 லிட்டர் நீருள்ள தொட்டியில் வாரம் இருமுறை 30 விழுக்காடு நீர் மாற்றினால் வாரத்திற்கு ஏறத்தாழ 130 லிட்டர் தேவை. ஒரு லிட்டர் தூய நீருக்கு இரண்டு லிட்டர் கழிவாக வெளியேறும் கருவியில் 260 லிட்டர் உவர் நீர் சாக்கடைக்குப் போகும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும் ஊரில் இது சிறிய கணக்கன்று. அந்நீரைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். செடிகளுக்கு ஊற்றினால் நாளடைவில் மண் உவர்ப்பாகும்.

மழைநீர் இதைவிடச் சிறந்த வழியாகும். 2003 ஆம் ஆண்டில் தமிழக அரசு கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதால் பல வீடுகளில் அதற்கான குழாய்கள் ஏற்கெனவே உள்ளன. 50 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 500 லிட்டர் நீர் விழுகிறது. முதல் மழையையும் ஒவ்வொரு மழையின் முதற் சில நிமிட நீரையும் வழியவிட்டு, பின்வருவதை மூடிய தொட்டியில் சேமிக்க வேண்டும். இதையும் சிறிது கிணற்று நீருடன் கலந்தே பயன்படுத்த வேண்டும்.

அமேசான் நீரின் பழுப்பு நிறத்தைப் பெற வளர்ப்போர் சிலர் காய்ந்த நாட்டு வாதுமை இலைகளைத் தொட்டியில் இடுகின்றனர். இவ்விலைகளிலிருந்து ஊறுவது டானின் ஆகும். தோல் பதனிடுவோர் பயன்படுத்தும் கடுக்காயும் நாட்டு வாதுமையும் ஒரே பேரினத்து மரங்கள் என்பதும், கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தோலைப் பதப்படுத்துவது இதே டானினால்தான் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆயினும் பதனிடும் தொழிலுக்கென விற்கப்படும் சாறுகளை மீன்தொட்டியில் இடவே கூடாது. வாதுமை இலையும் நிறத்தைத் தருமேயன்றிக் கடின நீரை மென்மையாக்காது.

தொட்டி

ஆறு மீன்களுக்கு 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் கொண்ட தொட்டி குறைந்த அளவாகும். வளர்ந்த மீன் ஒன்றுக்கு 40 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. நீருடன் இத்தொட்டி 250 கிலோவுக்கும் மேல் எடை கொண்டது என்பதால் உறுதியான இரும்புத் தாங்கி தேவை. புதிதாகத் தொடங்குவோர் மணலும் செடியும் இல்லாத வெறுந்தொட்டியையே தேர்ந்தெடுப்பது நல்லது. பார்ப்பதற்கு மருத்துவமனை போல இருந்தாலும், எஞ்சிய உணவும் கழிவும் கண்ணில் படுவதால் உடனே அகற்றலாம்.

வெப்பநிலை 28 முதல் 30 பாகை செல்சியசு வரை இருக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வேலூர் வட்டாரத்தில் இரவுக் குளிர் மிகுதி என்பதால் ஹீட்டர் கட்டாயம் தேவை. மே மாதத்தில் சிக்கல் தலைகீழாகிறது. வெளியே 40 பாகையைத் தாண்டும்போது மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் தொட்டி நீரும் சூடேறும். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிசன் குறைகிறது. 20 பாகையில் லிட்டருக்கு 9 மி.கி. அளவு கரைவது 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மி.கி. ஆகிறது. அக்காலத்தில் காற்றூட்டலை மிகுதிப்படுத்துவதும் தொட்டியைத் தரைத்தளத்தில் வைப்பதும் உதவும். மின்தடை நேரங்களுக்கு மின்கலத்தில் இயங்கும் காற்று இறைப்பி ஒன்றை வைத்திருத்தல் வேண்டும்.

தொட்டியைப் பழக்குதல்

தொடக்கநிலை வளர்ப்போர் மீன்களை இழப்பதற்கு முதன்மைக் காரணம் பொறுமையின்மையே. மீன் வெளியிடும் அம்மோனியாவை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், அதை மற்றொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் நஞ்சு. இப்பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சில் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை டிஸ்கஸை விடாமல், சிறிதளவு அம்மோனியாக் கரைசலையோ மீன் உணவையோ இட்டுத் தொட்டியை இயக்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி எனச் சோதனை காட்டிய பின்னரே மீனை விட வேண்டும். நன்கு இயங்கும் வேறொரு தொட்டியின் ஸ்பாஞ்சு வடிகட்டியைக் கொண்டுவந்தால் இக்காலம் சுருங்கும். அத்தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் உடன் வரும்.

பி.எச். அளவு இங்கு முக்கியப் பங்கு வகிக்கிறது. 30 பாகை வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது 7 விழுக்காட்டிற்கும் மேலாகும். ஆகவே காரத்தன்மையுள்ள கிணற்று நீரில் ஒருவேளை அதிக உணவிட்டாலும் ஆபத்து.

மீனைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாட்டில் அழகு மீன் உற்பத்திக்கும் வணிகத்திற்கும் சென்னையின் கொளத்தூர் பெயர் பெற்றது. வேலூர் வட்டாரத்தினர் பலரும் அங்கிருந்தே மீன்களைப் பெறுகின்றனர். 6 செ.மீ. அளவுக்குக் குறைந்த குஞ்சுகளுக்கு நாள்தோறும் நீர் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், சற்று வளர்ந்த மீன்களை ஒரே விற்பனையாளரிடமிருந்து ஒரே தடவையில் வாங்குவது நல்லது. கண் தெளிவாகவும் உடலுக்கேற்ற சிறிய அளவிலும் இருக்க வேண்டும். உடல் சிறுத்துக் கண் மட்டும் பெரிதாகத் தோன்றும் மீன் வளர்ச்சி குன்றியது. பின்னர் எவ்வளவு பேணினாலும் தேறாது. கறுத்து மூலையில் ஒதுங்கிய மீனையும், கடைக்காரர் உணவிட்டுக் காட்டும்போது உண்ணாத மீனையும் தவிர்க்க வேண்டும். விலை குறைத்துத் தருவதாகச் சொன்னாலும் இவ்விதியில் மாற்றமில்லை.

விற்பனையாளரின் தொட்டி நீரின் டி.டி.எஸ்., பி.எச். அளவுகளைக் கேட்டறிந்து, வீட்டுத் தொட்டியை அதற்கு நெருக்கமாக முன்கூட்டியே அமைத்தல் வேண்டும். நெடும்பயணத்தில் பையினுள் கரியமில வளி மிகுந்து பி.எச். இறங்குவதால் சேர்ந்துள்ள அம்மோனியா தீங்கற்றிருக்கும். பையைத் திறந்ததும் வளி வெளியேறி, அம்மோனியா நச்சாகிறது. எனவே மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பநிலை சமமான பின் திறந்து, மீனை மட்டும் எடுத்துத் தாமதமின்றித் தொட்டியில் விடுவர். பை நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

உணவும் நோயும்

உறைய வைத்த இரத்தப்புழு, இறால், குருணை உணவு ஆகியன கொடுக்கப்படுகின்றன. சாக்கடைகளிலிருந்து சேகரிக்கப்படும் உயிருள்ள டியூபிபெக்சு புழுக்கள் நோயைக் கொண்டுவருவதால் தவிர்க்கத் தக்கவை. கொழுப்பும் நரம்பும் நீக்கிய மாட்டு இதயத்தை அரைத்துச் செய்யும் கலவை உலகெங்கும் டிஸ்கஸ் வளர்ப்போர் கையாளும் உணவாகும். பிரியாணிக்குப் பெயர் பெற்ற ஆம்பூரில் மாட்டிறைச்சிக் கடைகள் உள்ளமையால் இது எளிதில் கிடைக்கும். இக்கலவை நீரை விரைவில் கெடுக்கும் என்பதால் எஞ்சியதைக் கால் மணி நேரத்திற்குள் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

உணவை மறுத்தல், வெண்ணிறக் கழிச்சல், ஒரு செவுளால் மட்டும் மூச்சுவிடுதல் ஆகியன நோயின் அறிகுறிகள். முதலிரண்டும் குடல் ஒட்டுண்ணிகளையும் மூன்றாவது செவுள் புழுவையும் குறிக்கலாம். மருந்திடுமுன் நீரைச் சோதிப்பதே முறை. பல வேளைகளில் நீர் மாற்றமே மருந்தாக அமைகிறது. புதிய மீன்களைக் குறைந்தது 4 வாரங்கள் தனித்தொட்டியில் வைத்திருக்க வேண்டும். ஏஞ்சல் மீன் நோய்களைக் கடத்தக்கூடியது. தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது. இவ்விரண்டையும் டிஸ்கஸுடன் சேர்த்து வளர்ப்பதில்லை. கார்டினல் டெட்ரா மீன்கள் பொருந்தும்.

இனப்பெருக்கம்

இணை சேர்ந்த மீன்கள் செங்குத்தான பரப்பில் முட்டையிடும். இதற்கெனச் சுட்ட மண் கூம்புகளை வைப்பர். கடின நீரில் முட்டைகள் பொரிப்பது குறைவு என்பதால் வளர்ப்பு நீரைவிட மென்மையான நீர் இங்கு தேவைப்படும். முட்டைகள் இரண்டரை நாட்களில் பொரிக்கும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோர் இருவரின் உடலிலும் சுரக்கும் கோழையை உண்டு வளர்கின்றன. அக்காலத்தில் கோழையில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருட்களும் மிகுவதாக 2010 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தென்னிந்திய, இலங்கை நீர்நிலைகளில் வாழும் ஆரஞ்சு குரோமைடு என்னும் சிக்லிடு மீனின் குஞ்சுகளும் பெற்றோரின் கோழையைக் கொறிக்கின்றன. ஏறத்தாழ மூன்று வாரங்களில் டிஸ்கஸ் பெற்றோர் குஞ்சுகளிடமிருந்து விலகி நீந்தத் தொடங்கும். அப்போது புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவுக்குக் குஞ்சுகளைப் பழக்கிப் பிரித்துவிடலாம்.