தேக்கா, குமிழா? ரேகையும் நிறமும் பார்த்து மரத்தை இனம் காணும் முறை

வீடு கட்டும் உழவர் ஒருவர், தேக்கு என்று சொல்லி வாங்கிய நிலைக் கட்டையிலிருந்து அறுத்த ஒரு துண்டைக் கொண்டு வந்து காட்டினார். மேலே நல்ல பொன் பழுப்பு நிறம். பிளேடால் சீவியதும் உள்ளே வெளிறிய வைக்கோல் நிறம் தெரிந்தது. அது சாயம் ஏற்றிய குமிழ் மரம். குமிழ் மட்டமான மரம் அல்ல. ஆனால் அவர் கொடுத்தது தேக்கின் விலை. ரசீதில் 'மரம்' என்று மட்டும் எழுதியிருந்ததால் கடைக்காரரிடம் போய்க் கேட்கவும் வழியில்லை. மரம் வாங்கும்போதும், தோட்டத்து மரத்தை வியாபாரிக்கு விற்கும்போதும் இன்ன மரம் என்று நீங்களே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பலகையின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாலிஷ் பூசுவது அங்கேதான். அறுத்த குறுக்கு முனையைப் பாருங்கள். புது ஷேவிங் பிளேடால் அந்த முனையில் ஒரு விரல் அகலத்துக்கு மெல்லச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீர் தடவுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் போதும். ஊசிமுனை போன்ற துளைகள் தெரியும். மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் மேலேறிய குழாய்கள் அவை. அவற்றின் அளவும் அடுக்கும் மரத்துக்கு மரம் மாறும். சாயம் பூசுபவரால் இதை மாற்ற முடியாது.

தேக்கில் ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். கண்ணுக்கே தெரியும். அதன் பிறகு துளைகள் சிறுத்துவிடும். இதனால்தான் பலகையின் முகத்தில் மலை மலையாகக் கோடுகள் விழுகின்றன. புதிதாக அறுத்த வைரத்தில் பச்சை கலந்த திட்டுகள் இருக்கும். வெயிலும் காற்றும் பட்டபின் பொன் பழுப்பாகும். ஆகவே ஈரத் தேக்கைப் பார்த்து 'நிறம் சரியில்லை' என்று ஒதுக்கிவிட வேண்டாம். தொட்டால் மெழுகு தடவியது போலிருக்கும், சீவினால் தோல் வாசம் வரும். குமிழில் வைரத்துக்கும் வெளிமரத்துக்கும் நிற வேறுபாடு குறைவு. வாசமும் இல்லை, எடையும் குறைவு, வளையக் கோடும் தேக்கைப் போல அழுத்தமாக இருக்காது.

தேக்கிலும் ஒரு கண்ணி உண்டு. இளம் மரத்தில் வெளுத்த வெளிமரமே அதிகம். உளுத்துப்போவது இந்தப் பகுதிதான். முனையில் வைரம் எவ்வளவு, வெளுப்பு எவ்வளவு என்று பார்த்து விலை பேசுங்கள். பத்து ஆண்டுத் தேக்கை அவசரப்பட்டு வெட்டுபவர்களுக்கு விலை இறங்குவதற்கும் இதுவே காரணம்.

வேங்கைக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வைரத்தில் சீவிய தூளை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுச் சிறிது நேரம் விடுங்கள். தண்ணீர் பழுப்பாகும், வெயிலில் சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் நீல ஒளி தெரியும். ஈர வேங்கை சுவரில் மஞ்சள் கறை விடும் என்பது கொத்தனார்களுக்கும் தெரியும்.

பலா மரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். புதிதாக அறுத்தால் மஞ்சள், நாளாக நாளாகப் பழுப்பு. தஞ்சாவூர் வீணைக்குக் குடம் குடைவது இந்த மரத்தில்தான். வாகையில் வெளிமரம் அகலமாக வெளுத்தும், வைரம் கரும்பழுப்பாகவும் இருக்கும். துளைகள் பெரிதாகச் சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம் தெரியும். அறுக்கும்போது தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும், துணி கட்டிக்கொள்ளுங்கள்.

வேம்பும் மகோகனியும் ஒரே குடும்பம் என்பதால் செம்பழுப்பு நிறத்தில் குழப்பும். கையில் தூக்கிப் பாருங்கள், வேம்பு கனக்கும். வேம்பின் ரேகை முன்னும் பின்னும் பின்னிக்கிடப்பதால் இழைப்புளி போடும்போது சிம்பு பெயரும். மகோகனியின் குறுக்கு முனையில் வளையத்துக்கு ஒரு மெல்லிய வெளிறிய கோடு ஓடும்.

ஈட்டி ஊதா கலந்த பழுப்பு, கருங்கோடுகளுடன் இருக்கும். செம்மர வைரம் கருஞ்சிவப்பு. தண்ணீரில் போட்டால் மூழ்கும். இந்த இரண்டும் சந்தனமும் உங்கள் நிலத்தில் நின்றாலும், வெட்டும் முன் வனத்துறை அலுவலகத்தில் நடைமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 'வெறும் விறகு மரம்' என்று சொல்லிக் கழித்து வாங்க வருபவரிடம் உடனே ஒத்துக்கொள்ள வேண்டாம். இப்போது கருங்காலி மணிமாலைக்கும் ஏக கிராக்கி. ஒரு மணியைச் சுரண்டினால் உள்ளே வெளுப்பு வருகிறதா என்று பார்த்தால் சாயம் தெரிந்துவிடும்.

மண்ணும் மழையும் மாறினால் ஒரே மரத்தின் நிறமும் மாறும். நிறத்தை மட்டும் வைத்து எனக்கும் பெயர் சொல்ல முடியாது. ரேகை, துளை, வாசம், எடை நான்கும் ஒத்துவந்தால்தான் சொல்வேன். பெரிய தொகை கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால் ரசீதில் மரத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். சந்தேகம் தீராவிட்டால் பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மரத்தை இனம் கண்டு சொல்கிறார்கள். வைரப் பகுதி அடங்கிய, வர்ணமோ பாலிஷோ படாத, உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை எடுத்து வையுங்கள்.