மஞ்சள் குமிழ், சிவப்புக் குமிழ்

கேமரன் மலை வரலாறு என்றால் 1885இல் மலையை அளக்க வந்த வில்லியம் கேமரன், 1929இல் போ தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்த ஜே.ஏ. ரஸ்ஸல் என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் லேண்ட்ரோவரிலிருந்து தொடங்குகிறேன். ரிங்லெட், பிரிஞ்சாங் பக்கம் போனவர்களுக்கு, காய்கறிக் கூடைகளோடு எதிரே இறங்கிவரும் அந்த டப்பா வண்டியைத் தெரியாமல் இருக்காது.

1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான வண்டி. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு, அதனால் உடம்பு அலுமினியக் கலவை. ஓயாமல் மழை பெய்யும் மலைக்கு அதுவும் நல்லதாப் போச்சு.

ஆனா விஷயம் உடம்பில் இல்லை, டயரில். டயர் தரையைப் பிடிக்கும் பிடிக்கு ஓர் அளவு உண்டு. பிரேக்கும் திருப்பமும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சேற்று இறக்கத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் மொத்தப் பிடியும் அதற்கே போய்விடும். சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேரேதான் போகும். வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. வூனிபால்ட் காம் என்ற ஜெர்மானியப் பொறியாளர் பெயரால் இதை ஒரு வட்டமாக வரைந்து கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பழைய சீரிஸ் லேண்ட்ரோவரில் இதற்குப் பதில், கியர் கம்பியருகே இரண்டு குமிழ். மஞ்சளை அழுத்தினால் முன்சக்கரங்களுக்கும் விசை போகும். சிவப்பை இழுத்தால் நான்கு சக்கரத்துக்கும் தாழ்கியர். அதில் ஒன்றாம் கியரைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பு முன்னும் பின்னும் பகிர்ந்து போவதால் சக்கரங்கள் உருண்டுகொண்டே இருக்கும். உருளுகிற சக்கரம்தான் சொன்ன பக்கம் திரும்பும். காய்ந்த தார்ச்சாலைக்கு வந்ததும் குமிழை மாற்ற மறந்தால் வேறு தொல்லை. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பூட்டியிருப்பதால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். சேறு எங்கே முடிகிறது என்று டிரைவரின் கைக்குத் தெரிந்திருக்கணும்.

பிறகு இந்த வேலை கணினிக்குப் போனது. 1978இல் ஏபிஎஸ், 1995இல், ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும் இஎஸ்பி. 1997இல் வந்த ஃப்ரீலாண்டரில் தாழ்கியரே கிடையாது. இறக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மற்றதை வண்டி பார்த்துக்கொள்ளும்.

டயரின் ரப்பர் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கலாம். டன்லப் மலாயாவிலேயே சொந்த ரப்பர் தோட்டங்கள் வைத்திருந்தது. கீழே பால்மரம் சீவியதும் நம்மாட்கள், மேலே கொழுந்து பறித்ததும் நம்மாட்கள்.

ஏபிஎஸ்ஸுக்குக் காப்புரிமை உண்டு. மழைநாளில் எந்த வளைவுக்கு முன்னால் சிவப்பை இழுக்கணும் என்பதற்கு இல்லை. தோட்டத்து லயங்களில் வளர்ந்த யாராவது இதைப் படித்தால், வண்டி ஓட்டிய தாத்தாவை உட்காரவைத்து, வளைவு வளைவாகக் கேட்டு, கைப்பேசியில் பதிவு செய்துவையுங்கள்.