ஏர்வாடி: ஆளுக்குப் பதிலாகச் சங்கிலி

2001, ஆகஸ்ட் 6. விடிவதற்குச் சற்று முன். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை என்பதால் நெருப்பு வேகமாகப் பரவியது. உள்ளே இருந்தவர்கள் ஓடித் தப்பியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முடியவில்லை. அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தனர்.

இது வெறும் தீ விபத்துதானா?

ஏர்வாடி தர்காவுக்கு மத வேறுபாடு இல்லாமல் மக்கள் வருவது நெடுநாளைய வழக்கம். மனநலம் பாதித்தவரை அங்கே தங்கவைத்தால் குணமாகும், ஊருக்குத் திரும்பலாம் என்ற உத்தரவு கனவில் கிடைக்கும் என்பது நம்பிக்கை. அந்தக் கனவு வர மாதங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அதுவரை வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருக்க எத்தனை குடும்பங்களால் முடியும்? இந்தத் தேவையிலிருந்துதான் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. உறவினர்கள் பணம் கட்டிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

இந்தக் காப்பகங்களை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற செவிலியர்களும் அங்கே இல்லை. மனநோயாளி ஒருவரைக் கட்டிப்போடாமல் கவனிக்க வேண்டுமானால் இரவும் பகலும் ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும். சங்கிலிக்குச் சம்பளம் கிடையாது, அது தூங்கவும் தூங்காது. ஆள் செய்ய வேண்டிய வேலையை இரும்பு செய்தது. தீப்பிடித்த அன்று, பூட்டைத் திறந்துவிடும் வேலையை மட்டும் அதனால் செய்ய முடியவில்லை.

அப்படியானால் சட்டம் இல்லையா? இருந்தது. 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கக் கூடாது என்றது அது. ஏர்வாடியிலோ உரிமம் இல்லாமலேயே காப்பகங்கள் நடந்தன. ஊருக்கே தெரிந்த விஷயம் இது. ஆனால் அவற்றை மூடினால் உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள்? அன்று தமிழகத்தில் இருந்த ஒரே அரசு மனநல மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. கண்காணிக்க ஆள் இல்லை, சிகிச்சைக்கு இடமும் இல்லை.

தீ விபத்துக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரே வாரத்தில் காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. மாவட்டவாரியாக இத்தகைய இடங்களைக் கணக்கெடுக்கவும், ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஓர் அரசு மனநல மருத்துவமனை அமைக்கவும் 2002-ல் உத்தரவிட்டது. காப்பக உரிமையாளர் 2007-ல் தண்டிக்கப்பட்டார்.

2017-ல் புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது அதன் 95-ஆவது பிரிவு. 97-ஆவது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஊழியர் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டி ஒருவரைக் கட்டிவைக்கக் கூடாது என்கிறது. ஏர்வாடியின் பாடம் முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது.

ஆனால் பற்றாக்குறை தீர்ந்ததா? நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே இருப்பதாக 2023-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று சுட்டிக்காட்டியது. அதாவது ஒருவர்கூட இல்லை.

சங்கிலியைத் தடை செய்ய ஒரு சட்டப் பிரிவு போதும். அது இருந்த இடத்தில் நிற்க ஒரு மனிதர் வேண்டும்.