யாரில பிழை? ஒரு தடி, ஒரு கழுதை, சில சட்டங்கள்

சந்தியில ரெண்டு வாகனம் முட்டினால் கூடுகிற சனம் முதலில் கேட்கிறது "யாரில பிழை?" என்றுதான். கொஞ்ச நேரத்தில் தீர்ப்பும் வந்துவிடும்: முழுப் பிழையும் ஒருவரில. இந்த யோசனைக்குச் சட்டத்திலும் ஒரு வரலாறு இருக்கு.

1809இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. டார்பியில் வீடு திருத்தின ஒருவர் வீதிக்குக் குறுக்கே தடி போட்டிருந்தார். பொழுதுபடுகிற நேரம் குதிரையில் வேகமாக வந்தவர் அதில் மோதி விழுந்தார். தடி போட்டது பிழைதான். ஆனால் கவனமாக வந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும் என்று அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. உன்னிலும் கொஞ்சம் பிழை இருந்தால் எல்லாம் போச்சு!

1842இல் ஒரு கழுதை இந்த விதியைத் தளர்த்தியது. முன்னங்கால்கள் கட்டி வீதியில் விடப்பட்ட கழுதையை வேகமாக வந்த வண்டில் ஏறிக் கொன்றது. வண்டில்காரர் கவனித்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதால் கழுதைக்காரர் வென்றார். தவிர்ப்பதற்கான கடைசி வாய்ப்பு யாரிடம் இருந்ததோ அவரே பொறுப்பு என்ற விதி இதிலிருந்து வளர்ந்தது. அப்பவும் ஒருவருக்கு எல்லாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை.

பிறகு மோட்டார் வாகனங்கள் வந்தன. வழக்கில் வென்றாலும் மோதினவரிடம் காசில்லை என்றால் என்ன பயன்? அதனால் பிரித்தானியா 1930ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. எங்கட 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது இருக்கு. இந்தக் காப்புறுதி மற்றவருக்கு வருகிற பாதிப்புக்கானது. எங்கட வாகனத்தைத் திருத்த அதில் காசு வராது.

பிழையைப் பங்கு பிரிக்கிற சட்டம் அங்கே 1945இல் வந்தது. இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பத்து லட்சம் நட்டம், உங்களில் முப்பது வீதம் பிழை என்று நீதிமன்றம் கண்டால் ஏழு லட்சம் கிடைக்கலாம். 1809இல் அது பூச்சியம்.

ஆனால் எங்கட சந்திகளில் இன்னும் 1809தான் ஓடுது. சைக்கிளில் வந்தவர் லைட் போடவில்லை என்றதும், கார்க்காரர் வேகமாக வந்த கதை அமந்துபோகும். கையில் வைத்த ஆயிரம் ரூபாயோடு சைக்கிள்காரர் நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். பொலிஸில் முறைப்பாடும் இல்லை, காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தலும் இல்லை. சட்டம் அவருக்கென்று பிரித்து வைத்த பங்கைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒருவராவது சொல்லியிருக்க வேண்டாமா?