'மாமியார் கொடுமை' என்னும் தொடரும் மூதாட்டியரின் முறையீடும்: பெங்களூருவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

'மாமியார் கொடுமை' என்னும் தொடர் தமிழில் பரவலாக வழங்குவதாகும். இலக்கண நோக்கில் இத்தொகையை இருவகையாக விரிக்கலாம். மாமியாரால் செய்யப்படும் கொடுமை என்பது ஒன்று. மாமியாருக்குச் செய்யப்படும் கொடுமை என்பது மற்றொன்று. இலக்கணம் இரண்டிற்கும் இடந்தந்தாலும் வழக்கு முன்னதை மட்டுமே ஏற்றுக்கொண்டுள்ளது. தொடர்கதை, திரைப்படம், சின்னத்திரைத் தொடர் ஆகியவற்றில் முதியவள் கொடுமையின் எழுவாயாக வருகிறாளேயன்றிச் செயப்படுபொருளாக வருவது அரிது. அவள் துன்புறுபவளாக வருமிடத்து வழங்கும் தொடர் 'மருமகள் கொடுமை' என்பது. இவ்விரு தொடர்களிலும் பெண்ணே குற்றம் சாட்டப்படுகிறாள். 'மகன் கொடுமை' என்றொரு தொடர் வழக்கில் நிலைபெறவில்லை. குடும்பத்தினுள் மூத்த பெண்கள் அடைந்த துன்பத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இச்சொல்லின்மையே முதற்சான்றாகும். இச்சொல்லின்மை சட்டத்திலும் ஆவணத்திலும் எவ்வாறு தொடர்ந்தது என்பதைப் பெங்களூரு நகரின் வரலாற்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கியச் சான்றுகள் ஈண்டுச் சுருக்கமாகச் சுட்டத்தக்கன. புறநானூற்றின் மூதின் முல்லைப் பாடல்களில் முதுமகள் மறக்குடித் தாயாகத் தோன்றுகிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278-ஆம் பாடலிலும் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279-ஆம் பாடலிலும் அவள் பெருமை மகனின் போர்க்களச் செயலோடு பிணைந்துள்ளது. முல்லைப்பாட்டின் பெருமுது பெண்டிர் விரிச்சி கேட்கச் செல்கின்றனர். மணிமேகலையில் சித்திராபதி பேத்தியைக் குலத்தொழிலுக்கு இழுக்க முயலும் முதியவளாக வருகிறாள். நாலடியாரின் இளமை நிலையாமை அதிகாரத்திலோ கோலூன்றித் தளரும் பெண்ணுடல் நிலையாமைக்குச் சான்றாகிறது. மகனைப் பெற்றவள், நன்னிமித்தம் கேட்பவள், சூழ்ச்சிக்காரி, அறவுரைக்கு எடுத்துக்காட்டு என்று பல கோலங்களில் முதியவள் தோன்றினாலும், மகன் வீட்டில் அவள் எவ்வாறு உண்டாள், எங்கு உறங்கினாள் என்பது பாடுபொருளாகவில்லை. ஒப்பாரிப் பாடல்கள் இதற்கு ஒரு விலக்கு. கணவனை இழந்தவள் இனித் தனக்கு வரப்போகும் மதிப்புக்குறைவை எடுத்துரைப்பது அவற்றின் மரபு. எனினும் இறந்தவனைக் குறித்த புலம்பலாக அமைவதனால் அங்கும் குற்றச்சாட்டு முழுமையாக வெளிப்படுவதில்லை. தென்மாவட்டங்களில் முதியோரை எண்ணெய்க் குளியலால் மாய்க்கும் 'தலைக்கூத்தல்' வழக்கம் 2010-இல் விருதுநகர் மாவட்டச் செய்திகளால் பரவலாக அறியப்பட்டது. கொலைக்குப் பெயர் வைத்த மொழி, அன்றாடத் துன்பத்திற்குப் பெயர் வைக்காதது நோக்கத்தக்கது.

இனிப் பெங்களூருவுக்கு வரலாம். 1809-இல் ஆங்கிலேயர் இங்குப் படைக்குடியிருப்பை அமைத்தபின், சென்னை மாகாணப் படைப்பிரிவுகளைப் பின்தொடர்ந்து தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் குடியேறின. அல்சூர், இன்றைய சிவாஜிநகர், பின்னர் ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன், மர்பி டவுன் முதலிய பகுதிகள் தமிழ் வழங்கும் இடங்களாயின. 1881-இல் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோது படைக்குடியிருப்பு மட்டும் பிரித்தானிய நிர்வாகத்திலேயே நின்றது. 1947 ஜூலையில்தான் அது மைசூருடன் மீண்டும் சேர்ந்தது. எனவே ஏறத்தாழ அறுபத்தாறு ஆண்டுகள் ஒரே ஊரில் இரண்டு ஆட்சிகள் நடந்தன. பெண்ணின் உரிமை அவள் குடியிருக்கும் தெருவைப் பொறுத்து வேறுபட்டது.

இவ்வேறுபாடு வெறும் நிர்வாகச் செய்தியன்று. மைசூர் அரசு 1933-இல் இந்துப் பெண்கள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. சகோதரர்கள் பாகம் பிரிக்கும்போது அவர்களின் தாய்க்கும் ஒரு பங்கு உண்டு என்பது அதன் கூறுகளுள் ஒன்று. பிரித்தானிய இந்தியாவில் கைம்பெண்ணுக்குச் சொத்தில் வரம்புக்குட்பட்ட உரிமையைத் தந்த நடுவண் சட்டம் 1937-இல்தான் வந்தது. மைசூர் சட்டமன்றத்தின் சட்டம் படைக்குடியிருப்பில் தானாகச் செல்லாது. ஆகவே சிக்பேட்டையில் வாழ்ந்த தாய்க்கும் அல்சூரில் வாழ்ந்த தாய்க்கும் அவ்விடைக்காலத்தில் ஒரே நிலை இருந்ததாகக் கொள்வதற்கில்லை. தமிழ்க் குடும்பங்களின் பெரும்பகுதி வாழ்ந்தது பின்னைய பகுதியிலாகும். மைசூரின் முற்போக்கைப் போற்றும் வரலாற்று நூல்கள் இந்நகரின் மூத்த தமிழ்ப்பெண்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றதைக் கருத்திற்கொள்வது நலம்.

சொத்துரிமை இல்லாதவளுக்கு எஞ்சியது ஜீவனாம்சம். தமிழிலும் கன்னடத்திலும் ஒருங்கே வழங்கும் இவ்வடசொல், உயிர்வாழ்வதற்கான பகுதி என்னும் பொருளது. முதியவளின் துயரம் நீதிமன்றத்திற்குள் நுழைய நெடுங்காலம் இச்சொல்லே வாயிலாக இருந்தது. கைம்பெண் கணவனின் உறவினரோடு ஒரே வீட்டில் வாழ வேண்டும் என்னும் கட்டாயமில்லை, பிரிந்து வாழ்ந்தும் ஜீவனாம்சம் கோரலாம் என்று பிரிவி கவுன்சில் 1873-இல் தீர்ப்பளித்தது. இது பெண்ணுக்குச் சாதகமான தீர்ப்பே. ஆயினும் இதனால் ஒரு பக்கவிளைவும் நேர்ந்தது. அவள் ஏன் வீட்டைவிட்டு வெளியேறினாள் என்பதை நிறுவவேண்டிய தேவை குறைந்தது. கணவனின் சொத்து எவ்வளவு, அவள் தேவை எவ்வளவு, அவள் நடத்தை எத்தகையது என்பனவே வழக்கின் பொருளாயின. அடி, பட்டினி, வசைச்சொல், மூலையில் ஒதுக்கப்பட்ட பாய் ஆகியன தொகையைக் கணக்கிடும் முறைக்கு வேண்டாதவை. கொடுமை நிகழவில்லை என்பதனால் அன்று, கேட்கப்படவில்லை என்பதனாலேயே ஆவணத்தில் அது இல்லை.

விடுதலைக்குப் பின்னும் இப்போக்கு மாறவில்லை. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் தாயையும் கைம்பெண்ணையும் முதல் வகுப்பு வாரிசுகளாக்கியது. வரம்புக்குட்பட்ட உரிமையை முழு உரிமையாக்கியது. அதே ஆண்டின் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் முதிய பெற்றோரைக் காக்கும் கடமையைப் பிள்ளைகளுக்கு விதித்தது. ஆனால் இவை இந்துக்களுக்கு மட்டுமே உரியன. படைக்குடியிருப்புப் பகுதியின் கிறித்தவ, இசுலாமியத் தாய்மார்க்கு இவற்றால் பயனில்லை. 1898-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு மனைவியையும் பிள்ளைகளையும் மட்டுமே கருதியது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில்தான் பெற்றோர் சேர்க்கப்பட்டனர். சமய வேறுபாடின்றி எந்தத் தாயும் நடுவர் மன்றத்தை அணுக வழிபிறந்தது அதன்பின்னரே. மணமான மகளும் இக்கடமைக்கு உட்பட்டவளே என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

இதற்கிடையே நகரம் மாறியது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஆகிய நிறுவனங்களில் பணியாற்றிய தலைமுறையினர் சிறு மனை வாங்கி வீடு கட்டினர். வீடு பெரும்பாலும் கணவன் பெயரில் இருக்கும். 1990-களுக்குப் பின் தகவல் தொழில்நுட்ப வளர்ச்சியால் நிலத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, ஓய்வூதியத்தில் வாழ்ந்த குடும்பங்கள் கையில் பெருஞ்சொத்து உடையனவாயின. உயில் எழுதாமல் கணவன் இறந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு உண்டு. வீட்டை விற்கவோ அடுக்குமாடிக்குக் கொடுக்கவோ அவள் கையொப்பம் தேவை. தமிழில் விடுதலைப் பத்திரம் என்றும் கன்னடத்தில் 'ஹக்கு பிடுகடெ பத்ர' என்றும் வழங்கும் ஆவணம் அவள்முன் வைக்கப்படுவது இந்நிலையில்தான். சொத்தில்லாமையால் துன்புற்ற பாட்டியின் பேத்தி, சொத்துடைமையால் துன்புறலானாள். உரிமை வழங்கப்பட்டால் கொடுமை குறையும் என்னும் சீர்திருத்தக் காலத்து நம்பிக்கையை இம்முரண் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

இத்துன்பத்திற்குப் பெயரிடும் முயற்சி உலகளவிலும் அண்மைக்காலத்ததே. 1975-இல் பிரித்தானிய மருத்துவ இதழ்களில் 'பாட்டிமாரை அடித்தல்' என்னும் பொருள்படும் சொல்லாட்சி முதன்முதலாக இடம்பெற்றது. தொடக்கத்தில் பெண்பாற் சொல்லாக இருந்த அது, பின்னர் 'முதியோர் துன்புறுத்தல்' என்னும் பொதுச்சொல்லாயிற்று. நம்பிக்கை எதிர்பார்க்கப்படும் உறவினுள் முதியவர்க்குத் தீங்கோ துயரோ விளைவிக்கும் செயலையும், செய்யவேண்டியதைச் செய்யாமையையும் உள்ளடக்கிய வரையறை 2002-இன் டொராண்டோ அறிக்கையில் இடம்பெற்றது. அதே 2002-இல் பெங்களூரு மாநகரக் காவல்துறையும் நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளையும் இணைந்து 1090 என்னும் முதியோர் உதவித் தொலைபேசியைத் தொடங்கின. புகாருக்கு உள்ளானவரை அழைத்துப் பேசி இணக்கம் காண முயல்வது அதன் நடைமுறை. நாடு தழுவிய 14567 என்னும் எண் 2021-இல்தான் வந்தது. மகன்மீது வழக்குத் தொடுக்க விரும்பாத தாய், அவனைக் கூப்பிட்டுக் கண்டிக்க ஒருவர் வேண்டும் என்று கருதுவது இயல்பு. முன்பு ஊர்ப்பெரியவரோ பங்குத்தந்தையோ ஆற்றிய பணியை நகரத்தில் ஒரு தொலைபேசி எண் ஏற்றது எனலாம்.

சட்டத்தில் இருவேறு பாதைகள் உருவாயின. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளாதாரம் எனக் கொடுமையை வகைப்படுத்தி வரையறுத்தது. தாயும் அதன்கீழ் முறையிடலாம். எனினும் எதிர்மனுதாரர் 'வயதுவந்த ஆண்' ஆகவே இருக்கவேண்டும் என்பதனால், பெண் உறவினர்மீது அவள் முறையிட இயலவில்லை. மும்பையைச் சேர்ந்த தாயும் மகளும் தொடுத்த வழக்கில் 2016 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அச்சொற்களை நீக்கியது. மற்றொரு பாதை 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். கர்நாடகத்தில் உதவி ஆணையர் தலைமையிலான தீர்ப்பாயம் இதன்கீழ் விசாரிக்கிறது. மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க ஆணையிடலாம் என்பது நடுவண் சட்டத்தின் வரம்பு. உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியன பராமரிப்பு என விளக்கப்பட்டுள்ளன. கொடுமைக்கு இச்சட்டத்தில் வரையறை இல்லை. பழைய ஜீவனாம்சமே புதுப்பெயரில் திரும்பியது என்று கூறின் மிகையாகாது. 'மூத்த குடிமக்கள்', கன்னடத்தில் 'ஹிரிய நாகரிகரு' என்னும் சொற்களும் பால் வேறுபாட்டை மறைப்பன. கணவனோடு சேர்ந்து முறையிடும் முதியவளும் கணவனாலேயே துன்புறும் முதியவளும் அச்சொல்லுள் ஒன்றாகிவிடுகின்றனர்.

இவ்விரு பாதைகளும் மோதிய வழக்கு பெங்களூருவிலிருந்தே உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. நகரின் வடபகுதியிலிருந்த ஒரு வீட்டிலிருந்து மருமகளை வெளியேற்றக் கோரி 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாமனார், மாமியார் முறையிட்டனர். தீர்ப்பாயமும் உயர்நீதிமன்றமும் அவர்களுக்குச் சாதகமாக முடிவுசெய்தன. 2020 டிசம்பர் 15 அன்று நீதிபதி டி. ஒய். சந்திரசூட் உள்ளிட்ட மூவர் அமர்வு அதனை மாற்றியது. மூத்தோர் சட்டம் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்குத் தரும் உறைவிட உரிமையை வெல்ல இயலாது, இரண்டையும் இணக்கமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். சட்ட ஆய்வாளர் பலரும் இதனை மருமகளின் வெற்றியாகவே நோக்கியுள்ளனர். இங்குக் கவனிக்கவேண்டியது வீட்டின் கைமாற்றம். அது முதலில் மகன் பெயரில் வாங்கப்பட்டு, தந்தைக்கு விற்கப்பட்டு, பின்னர்க் கொடையாகத் தாய்க்குச் சென்றது. கணவன் மனைவிக்கிடையே எழுந்த பூசலில் மூத்த பெண்ணின் பெயர் ஓர் ஆவணத்தில் ஏறியது. அதன் பயனாக நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றவர்கள் இரண்டு பெண்கள். 'மாமியார் கொடுமை', 'மருமகள் கொடுமை' என்னும் இரு தொடர்களும் விட்டுவிட்ட அந்த மூன்றாமவன் இங்கும் ஓரத்திலேயே நிற்கிறான். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் மருமகனையும் மருமகளையும் 'பிள்ளைகள்' என்பதனுள் சேர்க்கவில்லை. சேர்க்க முனைந்த 2019-ஆம் ஆண்டுத் திருத்த மசோதா 2024-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று.

மகன் வெளிப்படையாகப் பெயர் சுட்டப்படும் ஆவணம் ஒன்று உண்டு. அது தாய் எழுதித்தரும் தானப்பத்திரம். பராமரிப்பேன் என்னும் நிபந்தனையை ஏற்றுச் சொத்தைப் பெற்றவர் அதனை மீறினால் அக்கொடையை நீக்கலாம் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கூறுகிறது. அந்நிபந்தனை இருந்ததை நிறுவவேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியது. 2025 ஜனவரி 2 அன்று மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொண்டு, மகனுக்கு அளித்த கொடையை நீக்கியது. அவ்வழக்கில் காப்பாற்றுவதாக மகன் தனியே எழுதித்தந்த உறுதிமொழித் தாள் தாயிடம் இருந்தது. ஆகவே ஒற்றை வாக்கியம் எழுதப்பட்டதா இல்லையா என்பதில் முதியவளின் உறைவிடம் தங்கியுள்ளது. பெங்களூருவின் சார்பதிவாளர் அலுவலகங்களில் ஆவணங்கள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகின்றன. அல்சூரிலும் மர்பி டவுனிலும் வாழும் மூத்த தமிழ்ப்பெண்களுள் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தோரும் கைந்நாட்டு வைப்போரும் உளர். அவர்கள் ஒப்பமிடும் தாளில் நிபந்தனை வாக்கியம் இல்லாது போகலாம். வழக்கமாகத் தவறாது இடம்பெறும் வாக்கியம் வேறொன்று: மகன்மீது கொண்ட இயல்பான அன்பும் பாசமும் காரணமாக இச்சொத்து அளிக்கப்படுகிறது என்பது அது.