மணற்பையும் மதியும்

வான்வெளியில் மிதக்கும் பலூனுக்குச் சுக்கானுமில்லை, துடுப்புமில்லை. மணலைக் கொட்டின் அஃது ஏறும். வாயுவை வெளிவிடின் இறங்கும். இவ்விரண்டும் மீளாச் செலவுகள். ஆதலின் ஏறுவோர், இறங்கும் வேகத்தைத் தணித்தற்கு வேண்டிய மணலையும் எஞ்சவைத்தல் வேண்டும்.

1875ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள், 'செனித்' என்னும் பலூனிலே திசாந்தியே, சிவெல், குரோசே-ஸ்பினெல்லி என்னும் மூவர் பாரிஸ் நகரினின்றும் மேலேறினர். கொண்டுசெல்லும் பிராணவாயு போதாதென உடலியலறிஞர் போல் பேர்ட் எழுதிய எச்சரிக்கைக் கடிதம் காலந்தாழ்ந்தே வந்தது. ஏறத்தாழ 7,000 மீற்றர் உயரத்தில், மேலும் ஏற விரும்பிய சிவெல் மணற்பைகளின் கயிறுகளை அறுத்தார். பலூன் விரைந்தெழுந்தது; மூவரும் மயங்கினர். பின்னர் அது வேகமாய் இறங்கும்போது விழித்த குரோசே-ஸ்பினெல்லி, மணலோடு கனத்த கருவியொன்றையும் வெளியே எறிந்தார். பலூன் மீண்டும் மெல்லிய காற்றினுள் உயர்ந்தது. இரண்டாம் முறை கண்விழித்த திசாந்தியே, நண்பர் இருவரும் இறந்துகிடக்கக் கண்டார். அவர்கள் எட்டிய உச்சம் ஏறக்குறைய 8,600 மீற்றர்.

அவ்வுயரத்தில் அச்சமன்று, மகிழ்ச்சியே தோன்றியதெனத் திசாந்தியே பின்னர் எழுதினார். கேடு விளைத்தது மணலன்று. அதனைக் கணக்கிடவேண்டிய மதி தன்னையறியாது மயங்கியமையேயாம். 1931ஆம் ஆண்டு பிக்கார், கிப்பர் என்னும் இருவர் 15,000 மீற்றருக்கு மேலேறி உயிருடன் மீண்டனர். அவர்கள் காற்றடைத்த அலுமினியக் கோளத்தினுள் அமர்ந்து சென்றனர். பாரத்தை ஆளுமுன் பாரத்தை ஆள்வோனின் மூச்சைக் காத்தல் வேண்டுமென்பதே செனித் புகட்டிய பாடமாகும்.