பாலைத் திரிபும் பண்ணின் தனிநெறியும்

இசை இருநெறியான் இயலும். பல சுரங்களை ஒருங்கே ஒலித்து, அவ்வொலித்தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர்ந்து அடிநிலைக்கு மீளுமாறு அமைப்பது ஒன்று. இதனை மேலைநாட்டார் ஆர்மனி என்ப. நிலைபெற்றதோர் ஆதார சுருதியோடு ஒவ்வொரு சுரமும் கொள்ளும் உறவையே பொருளாக வைத்து இசையை வளர்ப்பது மற்றொன்று. நம் பண்ணிசை பின்னைய நெறியினது.

இந்நெறியின் தொன்மைக்குச் சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் சான்றாவன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 ஆக 22 அலகு பெறும். இவற்றுள் யாதானும் ஒன்றைக் குரலாக வைத்துப் பாட, நரம்புகள் மாறாதிருப்பவும் பாலை மாறும். குரல் குரலாயது செம்பாலை; உழை குரலாயது அரும்பாலை; விளரி குரலாயது விளரிப்பாலை; தாரம் குரலாயது மேற்செம்பாலை. செம்பாலையை அரிகாம்போதி எனக் கொள்ளும் ஆராய்ச்சியாளர் முடிபின்படி, ஏனைய மூன்றும் முறையே சங்கராபரணம், தோடி, கலியாணி ஆகும். அடிநிலை ஒன்று பெயரவே சுவையனைத்தும் பெயருமாறு காண்க.

ஐரோப்பியரும் முன்னர் இந்நெறியினரே. அவர்தம் கோயிற்பாடல்கள் எட்டு முறைகளில் அமைந்தன. கிளாரியன் என்பார் 1547-இல் வெளியிட்ட நூலில் அவற்றைப் பன்னிரண்டாக விரித்தார். பின்னர் ஆர்மனி ஓங்க, மேஜர், மைனர் என்னும் இரண்டே தலைமை பெற்றன. ஒலித்தொகுதிகள் அடிநிலைக்கு மீளுதற்கு வேண்டும் ஈர்ப்பு அவ்விரண்டிலும் மிகுதலின் ஏனையவை ஒதுங்கின. ஆயினும் அவை மாய்ந்தில. இங்கிலாந்தில் தாலிசு என்பார் 1567-ஆம் ஆண்டின் பாசுரத்தொகுதிக்கு அமைத்த மெட்டொன்றை முதலாகக் கொண்டு, வான் வில்லியம்சு 1910-இல் நரம்பிசைப் பெருங்கோவையொன்று இயற்றினார். அம்மெட்டிற்குரிய பிரிஜியன் முறையின் சுரநிரல் நம் தோடிக்குரியதேயாம். ஹங்கேரியின் பார்டோக் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்து, அவற்றின் பழைய முறைகளால் மேஜர், மைனர் என்னும் கட்டினின்றும் விடுபட்டார். இவர்கள் ஒலித்தொகுதியை முற்றும் விட்டாரல்லர். அதனை முறைக்கு ஏவல் செய்வித்தனர்.

இவ்வரலாறு தேவாரம் ஓதுவார்க்கும் பயன்படுவதொன்று. ஞானசம்பந்தர் அருளிய முதல் மூன்று திருமுறைகளும் பண்முறையால் வகுக்கப்பட்டுள்ளன. மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும், செந்துருத்தி மத்தியமாவதியாகவும் ஓதுவார் மரபில் வழங்குகின்றன. இவற்றின்கீழ் மேலைநாட்டு ஒலித்தொகுதிகளை அவற்றின் போக்கிலேயே அடுக்கின், தொகுதி மாறுந்தோறும் சுரத்தின் உறவும் மாறும். பதிகத்தை இவ்வாறு ஓதுவார் சொல்லைக் காத்துப் பண்ணை இழப்பர். புத்திசை அமைக்க விழைவார் முதற்கண் பண்ணின் நிலைச்சுரத்தைத் துணிக. துணையிசை அதனைப் பெயர்க்காத அளவே அமைக. ஒருசுருதியில் நின்று பாடுதல் வறுமையன்று. சுரத்தின் நுண்மையெல்லாம் செவிக்குப் புலனாதற்கு அதுவே வாயில்.